தாராவி கிளினிக்கில் ஸ்பைரோமெட்ரி: மெஷின் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

90 அடி சாலை ஜிபி

வணக்கம். தாராவியில் பொது மருத்துவ கிளினிக். ஒரு கன்சல்டிங் அறை, பக்கத்தில் சின்ன டிரஸ்ஸிங் அறை. அதில் ஏசி இல்லை, ஜன்னல் இருக்கிறது. ஒரு நர்ஸ், ஒரு காம்பவுண்டர். இருமல், இளைப்பு என்று வருபவர்கள் அதிகம்: கும்பர்வாடா சூளைப் புகையில் நிற்பவர்கள், தோல் பட்டறைக்காரர்கள், பீடி குடிப்பவர்கள், டிபி மருந்து முடித்தும் மூச்சிரைப்பு போகாதவர்கள். எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்த இன்ஹேலரையே வருஷக்கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. பி.எஃப்.டி. (நுரையீரல் செயல்திறன் சோதனை) எடுத்து வரச் சொன்னால், ஒரு நாள் கூலி போகும் என்று பலர் போவதே இல்லை. அதனால் கிளினிக்கிலேயே ஸ்பைரோமெட்ரி (ஊத வைத்து நுரையீரல் காற்றை அளக்கும் சோதனை) தொடங்க நினைக்கிறேன்.

எந்த வகை மெஷின்? யார் செய்வது, ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? டிபி தொற்றுக்கு என்ன ஏற்பாடு? ரிப்போர்ட்டில் மெஷின் தானாக எழுதும் வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பி.எஃப்.டி. டெக்னீஷியன், சயான்

டாக்டர், மெஷினுக்கு முன்னால ஆளை முடிவு பண்ணுங்க. நர்ஸோ காம்பவுண்டரோ, சத்தம் போட்டு ஊத வைக்கக் கூச்சப்படாத ஒருத்தரா இருக்கணும். அவரே தொடர்ந்து செய்யணும். ஆள் மாறிக்கிட்டே இருந்தா எந்த மெஷின் வாங்கினாலும் ரிப்போர்ட் உருப்படாது.

மெஷின்ல டர்பைன் (காத்துல இறகு சுத்தும்), நியூமோடேக் (வலையைத் தாண்டற காத்தோட அழுத்தத்தை அளக்கும்), அல்ட்ராசோனிக் (ஒலி அலையால அளக்கும்) மூணு வகை கிடைக்கும். டர்பைன் விலை குறைவு, கையடக்கம். ஆனா இறகுல ஒரு முடியோ நூலோ சிக்கினா மெதுவான காத்துக்குச் சுத்தாது. ஊதலோட கடைசிப் பகுதி காணாமப் போய் எஃப்.வி.சி. (முழுசா ஊதின மொத்தக் காத்து) குறைவா வரும். கழுவும்போது குழாயடியில் நேராப் பிடிக்காதீங்க, இறகு போயிடும். உற்பத்தியாளர் சொன்ன கரைசல்ல ஊற வச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, காய வைக்கணும். நியூமோடேக்ல நம்ம ஊர் மழைக்காலம்தான் பிரச்சினை. வலையில ஈரம் படிஞ்சா தடை கூடி அளவு தப்பும். சென்சாரோட பூஜ்யம் நகர்ந்திருந்தா, ஊதி முடிச்ச பிறகும் வால்யூம் கோடு மேலே ஏறிக்கிட்டே போகும், இல்லேன்னா கீழே சரியும். பூஜ்யம் செட் பண்ற அந்தச் சில வினாடி சென்சாரை அசைக்காம, ஃபேன் காத்து படாமப் பிடிங்க. அல்ட்ராசோனிக்ல இந்தத் தொல்லை கம்மி, விலை கூட.

எதை வாங்கினாலும் 3 லிட்டர் கேலிப்ரேஷன் சிரிஞ்ச் கூடவே வாங்கணும். "ஃபேக்டரி கேலிப்ரேஷன், சிரிஞ்ச் வேண்டாம்"னு விற்பனைக்காரர் சொல்வார். கேக்காதீங்க. தினமும் முதல் நோயாளிக்கு முன்னால, ஃபில்டர் மாட்டின நிலையிலேயே, மூணு வேகத்துல தள்ளிப் பாருங்க: ஒரு தடவை 6 வினாடி எடுத்து மெதுவா, ஒரு தடவை 1 வினாடியில, ஒரு தடவை அரை வினாடிக்குள்ள. மூணுமே 2.91-லிருந்து 3.09 லிட்டருக்குள்ள வரணும். மெதுவானதுல மட்டும் குறைஞ்சா டர்பைன் அழுக்கு, இல்லேன்னா கசிவு. கேலிப்ரேஷன் திரையில்தான் தள்ளணும். நோயாளி டெஸ்ட் திரையில தள்ளினா, வர்ற காத்தை மெஷின் உடம்புச் சூட்டுக்கு மாத்திக் கணக்குப் போட்டு, 25 டிகிரி அறையில 3.22 லிட்டர்னு காட்டும். மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடுவாங்க. சிரிஞ்சை மெஷின் பக்கத்துலயே வைங்க, வெயில் படக்கூடாது.

ஏசி இல்லேன்னு சொன்னீங்க, பரவாயில்லை. ஆனா அறையில தெர்மாமீட்டர் மாட்டி, சென்சார் தானா அளக்காத மெஷினா இருந்தா தினமும் வெப்பநிலையைப் பதியணும். 22 டிகிரிக்கு மாத்துக் காரணி 1.091, 32 டிகிரிக்கு 1.033. மதியம் 32 டிகிரி அறையில 22-ன்னு பதிஞ்சிருந்தா, எல்லாருக்கும் 5 சதவீதத்துக்கு மேல கூடுதலாக் காட்டும்.

இனி ஊத வைக்கிறது. செருப்பைக் கழற்றி உயரம் அளங்க, கேட்டு எழுதாதீங்க. கூன் இருந்தா கை விரிச்ச நீளத்தை வச்சு உயரம் கணக்கிடணும். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலி. குட்கா, மாவா, வெத்தலை போட்டிருந்தா வாய் கொப்பளிக்க வைங்க. பல்செட் ஆடலேன்னா கழற்ற வேண்டாம். கழற்றினா கன்னம் ஒட்டிப்போய் ஓரத்துல காத்து கசியும். மூக்குக்கு கிளிப். மவுத்பீஸ் நாக்குக்கு மேல இருக்கணும், உதடு சுத்தி மூடணும். முதல்ல நீங்க ஊதிக் காட்டுங்க. அப்புறம்: "முழுசா இழுங்க, இன்னும் இழுங்க", நிறைஞ்சதும் தம் கட்டாம "படார்னு ஊதுங்க!" அதுக்கப்புறம் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க". ஹிந்திக்காரங்களுக்கு "ஃபூங்க் மாரோ, ஔர், ஔர்". நோயாளிக்குக் காத்து தீர்ந்த மாதிரி இருக்கும்போதும் திரையில கோடு ஏறிக்கிட்டிருக்கும். கடைசி 1 வினாடியில 25 மி.லி.க்கு மேல ஏறாம படுத்துட்டா முடிஞ்சது; இல்லேன்னா 15 வினாடி வரைக்கும். பிறகு வாயை எடுக்காமலேயே வேகமா ஒரு முழு மூச்சு இழுக்கச் சொல்லுங்க. ஊதினதை விட இழுத்தது 100 மி.லி. அல்லது 5%, இதுல எது பெரிசோ அதைத் தாண்டினா, நுரையீரல் நிறையாமலே ஊத ஆரம்பிச்சிருக்கார்.

திரையைப் பார்த்தே தப்பு தெரியும். உச்சி கூரா இல்லாம மலை மாதிரி உருண்டு இருந்தா தயங்கி ஊதியிருக்கார். முதல் வினாடியில பல்லு பல்லா வெட்டு இருந்தா இருமல், அந்த ஊதல் எஃப்.இ.வி.1-க்கு (முதல் வினாடியில ஊதின காத்து) ஆகாது. கோடு திடீர்னு செங்குத்தா விழுந்தா பாதியில நிறுத்தினது, இல்லே நாக்கு அடைச்சது. குறைஞ்சது மூணு நல்ல ஊதல் வேணும். அதுல சிறந்த ரெண்டுக்குள்ள எஃப்.இ.வி.1, எஃப்.வி.சி. ரெண்டும் 150 மி.லி.க்குள்ள ஒத்துப்போகணும். 2.10, 1.90-னு வந்தா இன்னொண்ணு ஊதணும். எட்டுக்கு மேல போகாதீங்க, தலை சுத்தும். சுத்தினா உடனே நிறுத்தி உட்கார வைங்க. நின்னுக்கிட்டு ஊத விடவே வேண்டாம்.

மார்பு நோய் மருத்துவர், மாட்டுங்கா

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் தொற்றும் ரிப்போர்ட்டும் பற்றிச் சொல்கிறேன்.

தாராவி என்பதால் ஒரு விதியை அறைக் கதவிலேயே ஒட்டுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, சளியில் ரத்தம், இதில் எதுவும் இருந்தால் ஊதல் கிடையாது. முதலில் எக்ஸ்ரே, சளிக்கு சிபிநாட் அல்லது ட்ரூநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைகள்). தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசமாகவே செய்கிறார்கள். டிபி இல்லை என்று தெரிந்த பிறகு ஸ்பைரோமெட்ரிக்கு வரட்டும். நாள்பட்ட இருமல் சிஓபிடியிலும் (மூச்சுக்குழாய் நிரந்தரமாக அடைபடும் நோய்) உண்டுதான். ஆனாலும் வரிசை இதுதான். ஃபில்டர் ஆளுக்குப் புதியது ஒன்று. நீங்களே செய்து காட்டுவதற்கும் தனி மவுத்பீஸ். ஜன்னல் திறந்திருக்க, எக்ஸாஸ்ட் காற்றை வெளியே தள்ள, ஊதுபவர் ஜன்னல் பக்கம் முகம் வைத்து உட்கார, டெக்னீஷியன் பக்கவாட்டில் இருக்கட்டும். காற்று பெஞ்சில் காத்திருப்பவர்கள் மேல் வரும்படி எக்ஸாஸ்ட் வைத்துவிடாதீர்கள்.

மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆகவில்லை, கண் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, மார்பு, வயிறு, மூளை அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு வாரம் ஆகவில்லை, நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருப்பது) இருக்கிறது என்றால் தள்ளிப் போடுங்கள்.

மெஷின் வாங்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி: எந்த நாட்டு மக்களை வைத்துப் 'பிரடிக்டெட்' (ஒருவரின் வயது, உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவு) கணக்குப் போடுகிறது? பல மெஷின்கள் ஐரோப்பியச் சமன்பாட்டோடு வருகின்றன. இந்தியர்களின் நுரையீரல் கொள்ளளவு அதே உயரமுள்ள ஐரோப்பியரை விடக் குறைவு. அதை மாற்றாமல் விட்டால், நல்ல ஆரோக்கியமான சூளைத் தொழிலாளிக்கும் எஃப்.வி.சி. 80%-க்குக் கீழே போய், 'மைல்டு ரெஸ்ட்ரிக்‌ஷன்' (நுரையீரல் கொள்ளளவு லேசாகக் குறைவு) என்று அச்சாகி வரும். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பு நோய்) பயமாக என் மேஜைக்கு வரும். இந்திய மார்புச் சங்கமும் தேசிய மார்பு மருத்துவர்கள் கல்லூரியும் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் இந்தியச் சமன்பாடுகள் பற்றி இருக்கிறது. மென்பொருளில் அவற்றைப் போட முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால் 2022-ன் ஜிஎல்ஐ குளோபல் (எல்லா நாட்டவருக்கும் பொதுவான சமன்பாடு). எதை எடுத்தாலும் அதை ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள். நடுவில் மாற்றினால் பழைய சதவீதத்தோடு ஒப்பிடாதீர்கள், லிட்டரை ஒப்பிடுங்கள்.

எஃப்.இ.வி.1/எஃப்.வி.சி. விகிதம் சமன்பாட்டைப் பொறுத்ததில்லை என்பது ஒரு நிம்மதி. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழே, அறிகுறியும் புகைப் பழக்கமோ சூளைப் புகையோ இருந்தால் சிஓபிடி. வயதானவர்களுக்கு 0.70 என்ற கோடு அதிகமாகப் பிடிக்கும், இளைஞர்களுக்கு நழுவ விடும். அதனால் எல்எல்என் (அந்த வயதுக்கு இயல்பின் கீழ் எல்லை) மதிப்பையும் பாருங்கள். எஃப்.வி.சி. மட்டும் குறைந்து விகிதம் சரியாக இருந்தால், 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று நீங்கள் எழுத வேண்டாம். ஊதல் சரியா என்று பாருங்கள். சரி என்றால் முழுக் கொள்ளளவு அளக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

மெஷின் எழுதும் வரியைக் கையெழுத்துக்கு முன் மூடி வைத்துவிட்டு, வளைகோட்டை மட்டும் பாருங்கள். தரம் எஃப் (மிக மோசம்) என்று வந்த ஊதலுக்கும் அது 'கடுமையான அடைப்பு' என்று தயங்காமல் எழுதும்.

செம்பூர் ஃபேமிலி டாக்டர்

நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஓபிடி நடுவில் இதைச் செருக முடியாது. காலை ஓபிடிக்கும் மாலை ஓபிடிக்கும் இடையில் வையுங்கள். மருந்துக்கு முன் ஊதல் 15–20 நிமிடம். பிறகு சால்ப்யூடமால் 100 மைக்ரோகிராம் பஃப் நான்கு, ஸ்பேசர் (பம்பில் மாட்டும் குழாய்) வழியாக, ஒவ்வொன்றாக. 15 நிமிடம் காத்திருப்பு. இரண்டாவது ஆளின் முதல் ஊதலை இந்த இடைவெளியில் எடுத்துவிடலாம். இப்படி இரண்டு பேருக்கு ஒன்றே கால் மணி நேரம். ஒரு மதியத்துக்கு நாலு பேருக்கு மேல் போட்டால், கடைசி ஆள் மூன்று ஊதல் ஊதியதும் போதும் என்று நர்ஸ் நிறுத்திவிடுவார்.

முதல் நாளே ஒரு சீட்டு கொடுங்கள், தமிழ், ஹிந்தி, மராத்தியில்: சால்ப்யூடமால் 4 மணி நேரம், ஃபார்மோட்டெரால் அல்லது சால்மெட்டெரால் கலந்த பம்ப் 24 மணி நேரம், டையோட்ரோபியம் 36–48 மணி நேரம் நிறுத்த வேண்டும்; ஒரு மணி நேரம் முன் பீடி, சிகரெட் கூடாது; வயிறு நிறையச் சாப்பிட்டு வரக்கூடாது. அடியில் பெரிய எழுத்தில்: "மூச்சு முட்டினால் மருந்தை எடுங்கள், வந்து சொல்லுங்கள்." எடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் நேரத்தைக் குறியுங்கள், அவ்வளவுதான். பம்ப் பெயர் தெரியாதவர்கள்தான் அதிகம். பம்பையே கொண்டுவரச் சொல்லி, நிறுத்த வேண்டியதன் மேல் பிளாஸ்டர் ஒட்டிக் கொடுங்கள்.

செலவுக் கணக்கில் ஃபில்டரையும் மவுத்பீஸையும் ஊதலுக்கு அல்ல, ஆளுக்கு ஒன்று என்று போடுங்கள். அதோடு சிரிஞ்சின் வருடாந்தரச் சோதனை, நர்ஸின் நேரம். ஃபில்டரை மிச்சம் பிடித்துத்தான் லாபம் என்றால் தொடங்கவே வேண்டாம்.

மெஷின் வரும் வரை பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) வைத்தே நிறைய ஆஸ்துமாவைப் பிடிக்கலாம். மருந்துக்குப் பிறகு 20% கூடினாலோ, இரண்டு வாரம் காலை, மாலை எழுதியதில் சராசரி தினசரி ஏற்ற இறக்கம் 10%-க்கு மேல் இருந்தாலோ வலுவான ஆதாரம். சிஓபிடியை உறுதி செய்ய அது போதாது.

90 அடி சாலை ஜிபி

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பழைய டிபி நோயாளி ஒருவர் வெளியே எடுத்த ரிப்போர்ட்: மருந்துக்கு முன் எஃப்.இ.வி.1 1.20, எஃப்.வி.சி. 1.90, பின் 1.38, 2.05. பிரடிக்டெட் எஃப்.இ.வி.1 2.40. மெஷின் '15% கூடியது, ரிவர்சிபிள்' (மருந்தால் அடைப்பு குறைகிறது) என்கிறது. ஆஸ்துமா என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்பு நோய் மருத்துவர், மாட்டுங்கா

எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடியது 180 மி.லி. பழைய அளவுகோல் 12 சதவீதமும் 200 மி.லி.யும் சேர்ந்து கேட்கிறது. சதவீதம் மட்டும் தாண்டியிருக்கிறது. 2022 அளவுகோலில் பிரடிக்டெட்டோடு வகுக்க வேண்டும்: 180/2400 = 7.5%, தேவை 10%-க்கு மேல். விகிதம் 0.63-லிருந்து 0.67, அடைப்பு நிற்கிறது. டிபி தழும்பினால் வரும் அடைப்பும் இப்படியே இருக்கும், எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்துமா இல்லவே இல்லை என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது. இரவில் இளைப்பு, மாறி மாறி வருவது போன்ற சரித்திரம் இருந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுங்கள்.

மருந்துக்கு முன் எடுத்ததில் இரண்டாவது சிறந்த ஊதல் எவ்வளவு? 1.02 என்றால் இரண்டு ஊதலுக்குள்ளேயே 180 மி.லி. வித்தியாசம், மருந்தால் கூடியது என்று எதையும் சொல்ல முடியாது.

பி.எஃப்.டி. டெக்னீஷியன், சயான்

அது தெரியணும்னா பிரிண்ட்ல மூணு ஊதலும் வரணும். பெரும்பாலான மெஷின்கள் சிறந்த ஒண்ணை மட்டும் அச்சிடற மாதிரி வச்சிருப்பாங்க. ரிப்போர்ட் செட்டிங்ஸ்ல போய் மூணு ஊதலின் எண்கள், ஃப்ளோ-வால்யூம், வால்யூம்-டைம் ரெண்டு வளைகோடும் வர்ற மாதிரி மாத்திக்குங்க. இன்ஸ்டால் பண்ண வர்றவர் கிளம்பறதுக்கு முன்னாடியே அதைச் செய்யச் சொல்லுங்க, டாக்டர்.