மறு: மந்திரத்தின் ‘லெவல்’ – ‘அடுக்கு’ என்று கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கதைமாந்தராக நடித்துப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், பாத்திரத்தின் லெவலுக்கும் (அதன் வளர்ச்சி) மந்திரத்தின் லெவலுக்கும் (அதன் வலிமை) ‘நிலை’ என்ற ஒரே சொல் இருக்கிறது. தொடக்கநிலை ஆட்டத்தில் இதை ஒப்பேற்றிவிடலாம். வலிய மந்திரங்கள் வந்தபின் முடியாது. எனவே பாத்திரத்துக்குப் ‘படி’ என்றும் மந்திரத்துக்கு ‘அடுக்கு’ என்றும் பிரிக்க முன்மொழிகிறேன்.

குழப்பம் மூலத்திலேயே உள்ளது. பாத்திரம், மந்திரம், அரக்கர் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை வைக்க முதலில் எண்ணியதாகவும், லெவல் என்பது பழகிவிட்டதால் அதையே விட்டுவைத்ததாகவும் 1978 இல் வந்த வீரர் கையேட்டில், இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதியிருக்கிறார். தமிழில் அப்படிப் பழகிப்போன சொல் எதுவும் இல்லாததால், நமக்கு அந்தத் தடை இல்லை.

கோட்டூர்புரத்தில் நண்பர் வீட்டில் நாங்கள் ஆடும் ஆட்டத்தில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். “ஒன்பதாம் நிலை மந்திரவாதி, ஐந்தாம் நிலை மந்திரத்தை ஓதுகிறான்” என்று ஆட்டத்தை நடத்துபவர் சரியாகத்தான் அறிவித்தார். அதை முறியடிக்க ஒரு பெண் எதிர்மந்திரம் ஓதிப் பகடை உருட்டினார், கூட்டுத்தொகை 17. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பத்துடன் எதிரியின் மந்திர நிலையைக் கூட்டி வரும் எண்ணை எட்ட வேண்டும். இலக்கு 15 (10 + 5) என்று சிலரும் 19 (10 + 9) என்று சிலரும் வாதிட, போரின் விறுவிறுப்பே போய்விட்டது. ‘ஒன்பதாம் படி, ஐந்தாம் அடுக்கு’ என்று அறிவித்திருந்தால் 15 தான் என்பதில் ஐயமே எழுந்திராது.

உயரே போகப்போக இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. மந்திரவாதிக்கு ஏழாம் அடுக்கு பதின்மூன்றாம் படியில்தான் கிட்டுகிறது. அன்றுமுதல், அந்த அடுக்கிலுள்ள ஒரு மந்திரத்தால், நாட்கணக்கில் நடந்து கடக்க வேண்டிய காட்டை அவன் கூட்டாளிகளோடு ஒரு நொடியில் தாண்டிவிடலாம் என்பதால், பயணத்தை நம்பி எழுதிய கதை நிற்காது. ஒன்பதாம் அடுக்கு பதினேழாம் படியில் வருகிறது. அதிலுள்ள, வேண்டியதைத் தரும் ‘விஷ்’ மந்திரம் எட்டாம் அடுக்கு வரையிலான எந்த மந்திரத்தின் விளைவையும் தடையின்றித் தரும். அதற்கு அப்பால் எதையேனும் கேட்டால், விஷ் மந்திரத்தை இனி என்றுமே ஓத முடியாமற்போக 33 விழுக்காடு வாய்ப்புண்டு. ‘எட்டாம் நிலை வரை’ என்று எழுதினால், எட்டாம் நிலைப் பாத்திரம் ஓதக்கூடியவை என்று புதியவர் படித்துக்கொள்வார். அப்படிப் படித்தால், எட்டாம் படியில் கிட்டும் நான்காம் அடுக்கோடு நிற்க வேண்டிவரும்.

‘தரம்’ என்று பரிந்துரைத்த நண்பருக்கு: ‘மூன்று தரம் ஓதினான்’ என்றால் மும்முறை ஓதினான் என்றுதான் காதில் விழும். ‘மட்டம்’ என்பதோ மந்திரத்தையே மட்டமாக்கிவிடும். ‘அடுக்கு’ பள்ளிக் கணக்கில், ஓர் எண்ணை அதே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்குவதற்கு நாம் படித்த சொல். மூன்றாம் அடுக்கு மந்திரங்கள் மூன்றைச் சேர்த்தாலும் ஒன்பதாம் அடுக்கு மந்திரம் ஒன்றுக்கு ஈடாகா என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை விருப்பம். அடுக்குமாடி நினைவுக்கு வருமே என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நிலவறையின் மாடிகளுக்குத் ‘தளம்’ என்று வைத்தால் அந்தச் சிக்கல் தீரும்.

ஒரு மந்திரத்தை ஒருமுறை ஓதும் வாய்ப்பான ‘ஸ்பெல் ஸ்லாட்’டுக்குப் பட்டியலில் உள்ள ‘மந்திரத் துளை’ வேண்டாம். செலவாகி, எட்டு மணிநேர ஓய்வுக்குப்பின் மீள்வது அது, ‘இருப்பு’ பொருந்தும். ‘ஒன்பதாம் அடுக்கில் ஓர் இருப்பு’ என்பது மேசையில் இயல்பாகவே ஒலிக்கிறது.

எஞ்சியிருப்பது கேன்ட்ரிப் எனும் சிறு மந்திரம். விதிப்படி அது சுழி அடுக்கு. இருப்பு எதுவும் செலவாகாது. ‘சுழியடுக்கு மந்திரம்’ என்றே வைப்பதா, ‘எளிமந்திரம்’ என்பதா? கருத்துகளை எழுதுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து