ஜப்பானில் மொழிப்பாடசாலை: வயலை ஈடுவைத்து மகனை அனுப்பலாமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி)

வணக்கம். வணிகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்துள்ள எனது மகன், ஜப்பானில் மொழிப்பாடசாலையொன்றில் சேர விரும்புகிறார். முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினால் போதும், பகுதிநேர வேலை செய்தே கடனை அடைத்து வீட்டுக்கும் பணம் அனுப்பலாம் என்று மட்டக்களப்பில் நாங்கள் சந்தித்த முகவர் ஒருவர் கூறுகிறார். படுவான்கரையில் உள்ள வயலை ஈடுவைத்தால்தான் அத்தொகையைத் திரட்ட முடியும். மகன் இதுவரை ஹிரகானா, கதகானா எழுத்துகளை மட்டுமே கற்றிருக்கிறார். அங்கு படித்தவர்கள் உண்மை நிலையைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (கல்முனையைச் சேர்ந்தவர், தற்போது ஒசாகாவில்)

ஐயா, அந்தக் கணக்கை நம்பி வயலை ஈடுவைக்க வேண்டாம். மாணவர் வீசாவில் இருப்பவர் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலங்கள் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறைக் காலத்தில் மட்டும் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை செய்யலாம். மணித்தியாலத்துக்கு 1,100 யென்னுக்குச் சற்று மேல் கிடைத்தால், மாதத்தில் ஏறத்தாழ 130,000 யென் வரும். பாடசாலைக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 700,000 முதல் 800,000 யென் வரை இருப்பதால், இரண்டாம் ஆண்டுக்கென்றே மாதந்தோறும் 60,000 யென் எடுத்துவைக்க வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி எல்லாம் மீதியில்தான். ஊருக்கு அனுப்ப என்ன எஞ்சும்? மணித்தியால வரம்பை மீறினாலோ வகுப்பு வரவு குறைந்தாலோ வீசா நீடிப்பு மறுக்கப்படலாம்.

மொழி தெரியாமல் வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது உணவுத் தொழிற்சாலையிலோ பொதிகளைத் தரம்பிரிக்கும் களஞ்சியத்திலோ இரவு வேலை. இரவு பத்து மணிக்குப் பின் 25 வீதம் கூடுதல் ஊதியம் என்பதால் பலர் அதை விரும்பியே ஏற்கிறார்கள். ஆனால், விடியும்வரை நின்று உழைத்துவிட்டுக் காலை வகுப்பில் அமர்பவரால் கான்ஜி எழுத்துகளை மனத்தில் இருத்த முடிவதில்லை. சீன மாணவர்களுக்கு அவ்வெழுத்துகள் முன்பே பழக்கம் என்பதால் வகுப்பும் வேகமாக நகரும். இலக்கணத்தில் நமக்கு அவ்வளவு இடரில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும், உருபுகள் பெயருக்குப் பின்னால் வருவதும் தமிழில் உள்ளவைதாம். எனவே தம்பி ஜப்பானிய மொழித்தேர்வின் என்4 நிலையையாவது (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) ஊரிலேயே முடித்துவிட்டு வரட்டும்.

முக்கியமான இன்னொன்று: மொழிப்பாடசாலையில் ஆகக்கூடியது இரண்டு ஆண்டுகளே படிக்கலாம். அதன் சான்றிதழை மட்டும் வைத்து அலுவலகத் தொழிலுக்கான வீசா பெற முடியாது. பட்டமோ ஜப்பானியத் தொழிற்கல்லூரித் தகைமையோ வேண்டும். உயர்தரத்துடன் வருபவர் தொழிற்கல்லூரியில் மேலும் இரண்டாண்டுக் கட்டணத்தையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பதில் (ஆரையம்பதி)

உழைப்பதே நோக்கமென்றால் மாணவர் வீசா தேவையில்லை. ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய குறித்த திறன் தொழிலாளர் வீசாவுக்கு, என்4 அல்லது அதற்கு இணையான மொழித்தேர்வும், முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்ற துறையொன்றில் திறன் தேர்வும் வேண்டும்; முதியோர் பராமரிப்புக்கு மட்டும் அத்துறைக்கான ஜப்பானிய மொழித்தேர்வொன்றும் கூடுதலாகத் தேவை. முழுநேரச் சம்பளத்துடன் ஐந்து ஆண்டுகள் வரை வேலை செய்யலாம். எனது சகோதரியின் மகள் முதியோர் பராமரிப்புக்கு அவ்வழியிலேயே சென்றார். ஆனால், முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனிடம் பேசினேன், தகவல் தொழில்நுட்பம் படிப்பதே அவருடைய விருப்பம். அப்படியானால் எப்போது விண்ணப்பிப்பது பொருத்தம்?

பதில் (ஒசாகா)

டிசெம்பரில் கொழும்பில் நடைபெறும் மொழித்தேர்வுக்குத் தோற்றட்டும். ஜனவரி இறுதியில் பெறுபேறு வந்ததும் ஒக்டோபர் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போதிய காலம் இருக்கும். உங்கள் வருமானச் சான்றையும் வங்கிக் கூற்றையும் ஜப்பானியக் குடிவரவு அலுவலகம் ஆராயும். திடீரென வைப்பிலிட்ட பெருந்தொகை சந்தேகத்தையே எழுப்பும். ஆகையால் இப்போதிருந்தே சிறிது சிறிதாகச் சேமியுங்கள். வீசாவுக்கு முன் அந்த அலுவலகம் தரும் வதிவிடத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்ட பின்னரே கல்விக் கட்டணத்தைக் கட்டுங்கள். அதையும் முகவரிடம் கொடுக்காமல் பாடசாலையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள்.