மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்த வருஷம்

போன வருஷத்தில் ஆசிரியராக எதில் வளர்ந்தோம் என்ற கேள்விக்கு என் பதில் இது. குடியாத்தம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை நான். 19 வருஷ சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் 11 வருஷம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஸ்டாஃப் ரூமில் போனில்தான் படித்தோம். ஐந்து வருஷத்துக்கு மேல் பணி மிச்சமிருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வை, பாஸ் பண்ணியாக வேண்டும். எங்கள் ஹெச்.எம்.முக்கு மூன்றே வருஷம் பாக்கி. "நான் தப்பிச்சேம்மா" என்று சிரித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்ததும் டீ வாங்கிவரச் சொன்னார்.

தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்ததே 2012-ல். அதற்கு முன்பே பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். அந்த ஆற்றாமை இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது சொல்ல வந்தது வேறு.

முதல் தாள், மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் அந்த வட்டத்தை விடாமல் அடுத்த விடையை அதிலேயே நிரப்பிவிட்டேன். அதற்குக் கீழே முழுக்க ஒரு வரிசை தள்ளிப் போய்விட்டது. ப்ளஸ் டூ படிக்கிற என் மகள்தான் திருத்தினாள். 71. "கவனமா பண்ணும்மா, எத்தனை தடவை சொல்றது!" என்றாள். அச்சு அசல் என் குரல்.

அன்று ராத்திரி நாலாம் வகுப்பு கணக்கு நோட்டுக் கட்டைத் திருத்த எடுத்தேன். முதல் நோட்டிலேயே சிவப்பு மையில் என் கையெழுத்து: கவனம்! அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பிள்ளை என்னதான் செய்யும்? என் மகள் சொன்னபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லையே.

ஒரு பையன் 402-ல் 178-ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தான். வழக்கமாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். மறுநாள் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன். 4-ல் 1 போனால் 3, 7-ல் 0 போனால் 7, 8-ல் 2 போனால் 6. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். பின்னால் புரட்டினால் கடன் வாங்க வேண்டிய கணக்கு அத்தனையிலும் அதே முறை. "நீங்கதான மிஸ் சொன்னீங்க, பெருசுலேர்ந்துதான் சின்னத கழிக்கணும்னு."

ஆமாம், சொன்னேன். ரெண்டாம் வகுப்பில் அவனுக்கும் நான்தான் மிஸ். என் சொல்லைத் தட்டாத பிள்ளைக்கு ரெண்டு வருஷமாகக் 'கவனம்' எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கத்தை கத்தையாகத் தீக்குச்சியைக் கட்டிப் பத்து, நூறு என்று பிரித்துக் காட்டி நாலு நாள் போனது. (எங்க ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம்?) ஆறாவது முறை போட்டபோது சரியான விடையான 224-ஐத் தொட்டான். இப்போது சிவப்புப் பேனா எடுப்பதில்லை. எந்தப் படியில் சறுக்கியதோ அங்கே பென்சிலில் ஒரு சுழி, அவ்வளவுதான். திருத்த இரட்டிப்பு நேரம் ஆகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

பேரணாம்பட்டிலிருந்து இன்னொரு ஆசிரியர் நான், உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். போன வருஷம் வளர்ந்தது என் கட்டைவிரல் வேகம் மட்டும்தான் டீச்சர். காலையில் வருகைப்பதிவு, அப்புறம் போட்டோ, சாயங்காலம் மார்க், எல்லாம் போனில். ஆனாலும் அந்த 376-ஐப் படித்துவிட்டு என் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். மூன்று பேர் கிடைத்தார்கள்.

*

நான் பீஞ்சமந்தை பக்கம் மலைப்பள்ளியில் வாத்தியார். எனக்கும் இந்த வருஷம் டெட்தான் பாடம், ஆனால் நான் நேரில் போய் எழுதியே வந்துவிட்டேன். முதல் நாள் சாயங்காலமே மலையிறங்கி, வேலூரில் தம்பி வீட்டில் தங்கி, விடியற்காலையில் சென்டருக்குப் போனேன். வாசலில் ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "சார், நீங்க இன்னா சார் இங்க?" என்று ஒரு குரல். அஞ்சாவது வரை என்னிடம் படித்த பெண். டி.டி.எட். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காக எழுத வந்திருக்கிறாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எப்படியோ சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து, "கருப்புப் பேனா ரெண்டு வச்சிருக்கேன் சார், ஒண்ணு வச்சிக்கோங்க. நம்பரைப் பாத்துப் பாத்து நிரப்புங்க" என்றாள்.