கலபுரகியை விட்டு பீதருக்கு ஏன் போனார் அகமது ஷா?

திருவல்லிக்கேணிக்காரி:
அம்மாவின் நேர்ச்சைக்காகப் போன மாதம் ரயிலில் கலபுரகி பந்தே நவாஸ் தர்காவுக்குப் போய்வந்தோம். கோட்டைக்குள் 1367இல் கட்டிய பள்ளிவாசலையும் பார்த்தேன். நம் வாலாஜா பள்ளிவாசலுக்கு எவ்வளவு பெரிய முற்றம்! அங்கே முற்றமே இல்லை, முழுக்கக் கூரை. பாமினி சுல்தான் பிரோஸ் ஷா இந்த மகானைக் கோட்டைப் பக்கம் இருக்க விடவில்லை, தம்பி அகமது ஷாதான் தர்காவைக் கட்டினார் என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். அவ்வளவு மரியாதை வைத்தவர் தலைநகரை ஏன் மாற்றினார்? அன்றிலிருந்து மனதைக் குடைகிறது.

ராயப்பேட்டை வாத்தியார்:
சகோதரி, கேசுதராஸ், அதாவது உங்கள் பந்தே நவாஸ், தில்லியிலிருந்து வந்தபோது வரவேற்றவரே பிரோஸ்தான். சண்டை வந்தது வாரிசு விஷயத்தில். மகன் ஹசனுக்கு ஆசி கேட்டார். அரசு தம்பிக்கு என்று விதித்திருக்கிறது என மகான் மறுத்தார். அப்புறம்தான், கான்காவில் (மகானும் சீடர்களும் தங்கும் மடம்) கூட்டம் அதிகம், தள்ளிப் போங்கள் என்று உத்தரவு வந்ததாக வரலாற்றாசிரியர் பிரிஷ்தா எழுதுகிறார். இரைச்சலுக்காகப் போட்ட உத்தரவு என்று நான் நம்பவில்லை. 1347இல் தில்லி சுல்தான் துக்ளக்கை எதிர்த்துக் கிளம்பிய அரசு பாமினி அரசு. பழைய பரம்பரை கிடையாது. 'இவருக்குத்தான் சிம்மாசனம்' என்று ஊர் மதிக்கும் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. 1422இல் தம்பி பட்டத்துக்கு வந்தார். அண்ணன், மகான் இருவருமே அந்த ஆண்டில் காலமானார்கள்.

பட்டம் தரும் வாக்கு நாளை இன்னொருவருக்கும் போகலாம் இல்லையா? அகமது ஈரானின் கிர்மானிலிருந்த சூஃபி மகான் ஷா நிஃமத்துல்லாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் பேரன் நூருல்லா வந்தார். அவருக்குத் தன் மகளையே கட்டிக்கொடுத்து, கேசுதராஸின் பிள்ளைகளுக்கும் மேலான இடம் கொடுத்தார். பழைய ஊரான கலபுரகியில் அது எளிதில் நடந்திருக்காது, அதனால்தான் பீதருக்குப் போனார் என்பது என் எண்ணம்.

பெரம்பூர் பஷீர்:
வாத்தியார் ஐயா, கணக்குப் பார்த்துத்தான் எல்லாம் செய்தார் என்று தீர்க்க மனம் வரவில்லை. பீதர் பக்கம் அஷ்டூரில் அகமதின் கல்லறைச் சுவரில் நிஃமத்துல்லாவின் ஞான பரம்பரையின் பெயர்களையே எழுதிவைத்திருக்கிறார்கள். லிங்காயத்துகள் அவரைத் தங்கள் ஞானி அல்லமப் பிரபு என்று கும்பிடுகிறார்கள். சந்தனக்கூட்டுக்கு அவர்கள் குருவான ஜங்கமர் வருவார். சும்மாவா அகமதுக்கு 'வலி' (இறைநேசர்) என்று பெயர் வந்தது?

திருவல்லிக்கேணிக்காரி:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த அண்ணனை எங்கே அடக்கினார்கள்?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் ஹஃப்த் கும்பஸ் என்ற கல்லறைத் தொகுதியில், தர்கா போகிற வழியிலேயே. ஆட்டோவில் கடந்து போயிருக்கிறோம். அடுத்த முறை இறங்கி ஒரு ஃபாத்திஹா ஓத வேண்டும் என்கிறார்.