நைல் ஏற ஜெபிப்பது செத்த ஜெபமா?

எரிகோமதில்:
முஸ்லிம் நாடுகளுக்காக நாளுக்கு ஒரு நாடாக ஜெபிக்கச் சொல்லும் ரமலான் மாத ஜெப அட்டையைப் பார்த்திருப்பீர்கள். எகிப்து நாளுக்கான குறிப்பு இது: "இந்த நாட்டின் ஜனங்களுக்காகவும் பண்பாட்டுக்காகவும் திறப்பில் நிற்க அங்கே ஆளில்லை. நைலின் மேலுள்ள கட்டுகள் அறுபடவும் நல்ல மழை பெய்யவும் ஜெபியுங்கள்." நூற்றுக்கு நூறு உண்மை. அங்கே இருக்கிற பழைய கோப்து சபையோ, நைலின் குறுக்கே அஸ்வானில் பெரிய அணை கட்டி அரை நூற்றாண்டு கழிந்தும் "ஆற்றுநீர் ஏறட்டும்" என்று புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறது. ஏறாத ஆற்றுக்கு எதற்கு ஜெபம்? செத்த ஜெபம்.

தூபக்கலசம்:
திறப்பில் நின்று பரிந்து ஜெபிக்க ஆளில்லையா? யார் போய் எண்ணிப் பார்த்தது?

கோப்து சபையின் பசிலியார் திருவழிபாட்டில், அப்பமும் ரசமும் பரிசுத்தமாக்கப்பட்ட பிறகு வரிசையாக மன்றாட்டுகள் வரும். சபையின் சமாதானம், பிதாக்கள், பிறகு இந்தப் பட்டணமும் எல்லாப் பட்டணங்களும் தீவுகளும் மடங்களும். அதற்கடுத்து நிலமும் நீரும். இது வருடத்துக்கு மூன்று முறை மாறும். ஜூன் 19 முதல் அக்டோபர் 19 வரை ஆற்றுநீருக்காக. அக்டோபர் 20 முதல் ஜனவரி 18 வரை விதைக்கும் பயிருக்கும். ஜனவரி 19 முதல் ஜூன் 18 வரை காற்றுக்கும் கனிகளுக்கும். வெள்ளம், விதைப்பு, விளைச்சல் என்று எகிப்திய உழவனின் ஆண்டு அப்படியே அதில் இருக்கிறது. டீக்கன் அழைக்க, குருவானவர் ஜெபிக்க, ஜனங்கள் மூன்று முறை "கீரியே எலேசோன்" (ஆண்டவரே இரங்கும்) சொல்வார்கள். ஏழை, விதவை, அனாதை, வழிப்போக்கன், அந்நியன் என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். இவர்களில் ஒருவரிடமும் மதம் விசாரிக்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் முஸ்லிம் வயலுக்கும் சேர்த்துத்தான் பாயும்.

மழைக்கு ஜெபிக்கச் சொன்ன மகான் யாரென்று தெரிந்தால் நல்லது. கெய்ரோவில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 25 மில்லிமீட்டர். விவசாயம் மழையை நம்பி இல்லை. 2018 ஏப்ரலில் ஒரு மழை பெய்ததற்கே புதுக் கெய்ரோ தெருக்களில் கார்கள் மூழ்கின.

எரிகோமதில்:
நீளமாக எழுதினால் பதில் ஆகாது பிரதர். அணை 1970இல் முடிந்தது. அதற்குப் பிறகு எகிப்தில் நைல் ஏறுவதில்லை. ஏறுகிறதா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
அஸ்வானுக்குக் கீழே ஏறாது. மேலே ஏறும். எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது நீல நைல் வழியாக, அணைக்குப் பின்னால் உள்ள நாசர் ஏரிக்கு வந்து சேர்கிறது. அணையின் நீர்க்கணக்கு ஆண்டே ஆகஸ்ட் 1இல்தான் தொடங்குகிறது. வெள்ளத்துக்கு இடம் விட, அன்றைக்கு ஏரியின் நீர்மட்டம் (கடல் மட்டத்திலிருந்து) 175 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 178ஐத் தாண்டினால் பாலைவனத்தில் உள்ள தோஷ்கா பள்ளத்துக்கு வழியும். 1980களின் வறட்சியில் ஏரி இறங்கி இறங்கி 1988 கோடையில் மின் உற்பத்தியே நிற்கும் நிலைக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் வந்த வெள்ளம்தான் காப்பாற்றியது.

ஆக, நீர் ஏறுவது நிற்கவில்லை, ஏறும் இடம் மாறியிருக்கிறது. அதேசமயம் இதில் ஜெபத்தின் பங்கு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

தூபக்கலசம்:
அப்படிப் போடுங்க அண்ணே! சூடானோடு செய்த 1959 உடன்படிக்கைப்படி நைல் நீரில் எகிப்தின் பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். நீல நைலில் எத்தியோப்பியா கட்டிய புது அணை 7,400 கோடி பிடிக்கும். 2020 முதல் அதை நிரப்பியது எப்போது? மழைக்காலத்தில், அதாவது ஆற்றுநீர் மன்றாட்டு ஓடுகிற அதே மாதங்களில். நாடே தண்ணீருக்குப் பதறிய நாட்களில் ஒரு சபை அதற்காகவே ஜெபித்துக்கொண்டிருக்கிறது. அதை இங்கே ஏசி ரூமில் உட்கார்ந்து "செத்த ஜெபம்" என்கிறீர்கள்.

எரிகோமதில்:
அது அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டியது. நான் கேட்டது அஸ்வானுக்குக் கீழே. ஏறவில்லை என்று கணக்குப்பிள்ளையே ஒப்புக்கொண்டார். நன்றி.

இன்னொன்று. இந்த ஆற்றுநீர் ஜெபம் எங்கிருந்து வந்தது? ஜூன் 17 "துளி இரவு". வானத்திலிருந்து ஒரு துளி விழுந்து நைல் பொங்குமாம். அதற்கு முன்னால் அது பழைய எகிப்தின் ஐசிஸ் தேவதையின் கண்ணீர். பண்பாட்டுக்காக ஜெபிப்பது என்றால் இந்த விக்கிரகச் சரக்கையும் சேர்த்துச் சுமப்பதா?

தூபக்கலசம்:
ஜூன் 17 இல்லை ஐயா, 18. கோப்து நாட்காட்டியின் பவோனி மாதம் 11ஆம் தேதி இரவு. 17 என்பது 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதியது. கோப்து நாட்காட்டி யூலியன் நாட்காட்டியோடு ஒட்டி ஓடுவது. அப்போது அதற்கும் நம் நாட்காட்டிக்கும் இடைவெளி 12 நாள், இப்போது 13. பழைய புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஐசிஸ் கண்ணீர்க் கதையைக் கிரேக்கப் பயணி பவுசானியாஸ் எழுதியிருக்கிறார், தெரியும். சபை பவோனி 12ஐ மிகாவேல் தூதரின் பண்டிகையாக வைத்து, அவர் நீருக்காகப் பரிந்து பேசுகிறார் என்கிறது. நீரைத் தருகிறவர் யார் என்று மாற்றிச் சொன்னது உங்களுக்கு விக்கிரகச் சரக்கா? அப்போ டிசம்பர் 25ஐ என்ன செய்வதாக உத்தேசம்?

எரிகோமதில்:
17க்கும் 18க்கும் குதிக்கிறவர் அஸ்வானுக்குக் கீழே ஏன் வர மறுக்கிறார்? போன வருடம் தசமபாகத் திரியிலும் இதே வித்தைதான்.

மார்த்தாள்:
ஒரு வேண்டுகோள். அட்டையின் பின்பக்கத்தில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் பெயரையும் ஊரையும் குழுவில் போட்டு ஜெபிக்கும்படி இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எகிப்து அடையாள அட்டையில் மதத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. இஸ்லாமிலிருந்து வந்தவர் அதை மாற்றுவது நடைமுறையில் முடியாத காரியம். ஒரு புகைப்படம் நாலு குழு தாண்டினால் அவர் வேலை போகும், குடும்பம் போகும். பெயரும் ஊரும் படமும் இல்லாமல் ஜெபித்தால் போதும், கர்த்தருக்கு முகவரி தெரியும்.

பனைமரம்:
பண்பாடு என்றதும் ஞாபகம் வருது. கோப்து ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள்கிழமை ஷம்முன் நசீம்னு வசந்த விழா. நாடு முழுக்க லீவு. முஸ்லிம் கிறிஸ்தவன் எல்லாரும் பார்க்கில் உட்கார்ந்து பிசீக் மீனும் வெங்காயமும் சாப்பிடுவாங்க. நம்ம மடவைக் கருவாடு மாதிரிதானே அது?

தூபக்கலசம்:
மடவைதான், ஆனால் கருவாடு இல்லை. வெயிலில் காய வைக்க மாட்டார்கள். மீனை முதலில் ஊதிப் பெருக்க விட்டு, அப்புறம் பீப்பாயில் உப்பு போட்டு மூடி வாரக்கணக்கில் வைப்பார்கள். உப்பு குறைந்தால் பொட்டுலிசம் நஞ்சு சேரும். 1991இல் 18 பேர் இறந்தார்கள். உண்மையிலேயே ஜெபக்குறிப்பு போட வேண்டுமென்றால் அதைப் போடுங்கள்.

பனைமரம்:
கருவாட்டிலும் உப்பு குறைஞ்சா புழுதான். எங்க பக்கம் மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. ஈரம் இருக்கிற கருவாடும் உண்டு, சும்மா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க.

எரிகோமதில்:
ஆத்துமாக்கள் அழிகின்றன, இங்கே மீனுக்கு உப்புக் கணக்கு. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது 1 தீமோத்தேயு 2:4. தண்ணீர் கேட்கிற சபை ஆத்துமாவைக் கேட்டதுண்டா?

தூபக்கலசம்:
4க்கு முன்னால் 2 வருகிறது. ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும். திருவழிபாட்டில் நாட்டின் ஆட்சியாளருக்கும் ஒரு மன்றாட்டு இருக்கிறது, சமாதானத்திலும் நீதியிலும் அவரைக் காத்தருளும் என்று. எத்தனை முஸ்லிம் ஆட்சிகளில் இதைச் சொல்லியிருப்பார்கள் என்று யோசியுங்கள். புத்தகத்தை வாசிக்கத்தான் தெரியும் என்கிறீர்களே, 2011 நவம்பர் 11இல் முகட்டம் குன்றின் குகைக் கோவிலில், குப்பை பொறுக்குபவர்கள் வாழும் பகுதியில், ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய நாட்டுக்காக ஜெபித்தார்களே. கோப்துகளும் சுவிசேஷ சபையாரும் சேர்ந்து. உங்கள் அட்டை அச்சடித்தவருக்கு அந்த இரவு எப்படித் தெரியாமல் போனது?

ஏசாயா 19:25ஐ எடுத்துப் பாருங்கள். "எகிப்தியராகிய என் ஜனமும்" என்று இருக்கிறது. கட்டுகளை அறுக்கக் கிளம்பும் முன் அதைப் படித்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்னக் குறிப்பு. முன்பு நைலின் நீர்மட்டத்தைக் கெய்ரோவில் ரோடா தீவு அளவுத்தூணில்தான் பார்த்தார்கள். 861இல் கலீபா கட்டியது, தூணில் 19 முழம் கீறியிருக்கும், வெள்ளம் 16 முழம் தொட்டால்தான் நிலவரி. "தன் அளவுக்கு ஏறட்டும்" என்று ஜெபத்தில் வருவது ஆற்றை அப்படி அளந்து பார்க்கும் பழக்கத்தை நினைவூட்டுகிறது. அந்தத் தூண் இன்று காட்சிப்பொருள்.

எரிகோமதில்:
பார்த்தீர்களா, காட்சிப்பொருள்! இதைத்தானே முதல் பதிவிலேயே சொன்னேன்.

தூபக்கலசம்:
தூண் காட்சிப்பொருள். தண்ணீர் இல்லை. 175 மீட்டர், ஆகஸ்ட் 1. இன்னும் எத்தனை தடவை சொல்ல?

எரிகோமதில்:
அஸ்வானுக்குக் கீழே.

சரி, நாளைய அட்டை துருக்கி. அங்கும் திறப்பில் ஆளில்லை. பகிருங்கள்.

தூபக்கலசம்:
துருக்கிக்கு அப்புறம் போகலாம். எகிப்து அட்டையில் அந்த மழை வரியை எடுத்தாச்சா?