சாஃப்ட் ஷேக்கிள் 15 டன், இரும்பு ஷேக்கிள் 4.75 டன் என்று ஒப்பிடுவதை நிறுத்துங்கள்

கப்பித்துறை:
சென்ற சனிக்கிழமை லிவா பாலைவனப் பயணம் முடிந்ததும் நம் குழுவில் ஒருவர் குரல்பதிவு போட்டிருந்தார். புதைந்த வண்டியை இழுக்கும்போது கயிற்றை வண்டியோடு பூட்டும் இரும்பு ஷேக்கிளில் 4.75 டன் என்றுதான் பொறித்திருக்கிறது, கயிற்றாலேயே பின்னிய தம்முடைய சாஃப்ட் ஷேக்கிளிலோ 15 டன் என்று அச்சிட்டிருக்கிறது, ஆகவே இது மூன்று மடங்கு வலுவானது, இரும்பையெல்லாம் காயலான் கடையில் போட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். ஜெபல் அலி துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாரம் தூக்கும் வேலையில் இருக்கும் என்னால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

19 மில்லிமீட்டர் போ ஷேக்கிளில், அதாவது வில்போல் அகன்ற இரும்பு ஷேக்கிளில், உள்ள 4.75 டன் என்பது அது உடையும் அளவு அன்று. நாள்தோறும் அச்சமின்றி வேலை வாங்கக்கூடிய அளவு அது. அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ.எல்.எல். (வேலைச் சுமை வரம்பு) என்று பொறிக்கிறார்கள். நல்ல தயாரிப்பாக இருந்தால் அதை உடைக்க ஆறு மடங்கு, அதாவது 28.5 டன் இழுவிசை வேண்டும். சாஃப்ட் ஷேக்கிளின் 15 டன்னோ அது அறுந்துபோகும் அளவு. ஒருவனுடைய மாதச் சம்பளத்தையும் இன்னொருவனுடைய ஆண்டு வருமானத்தையும் அருகருகே வைத்து யார் பணக்காரன் என்று கேட்கலாமா?

மணல்மேடு:
அந்தக் குரல்பதிவு என்னுடையது. என்னிடம் நேரில் கேட்காமல் இங்கே வந்து எழுதியதை நான் மறக்கப் போவதில்லை. நாம் பாலைவனத்தில் கொள்கலன்களைத் தூக்குவதில்லை, ஐயா. புதைந்த வண்டியை இழுக்கிறோம். அதற்குப் பயன்படும் கைனெட்டிக் கயிறு நைலான். அதன் நீளத்தில் முப்பது விழுக்காடு வரை இழுபட்டு ரப்பரைப் போல விசையைத் தேக்கி வைக்கும். அந்த நேரத்தில் வண்டியின் கொக்கி பிய்ந்தால், ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புத் துண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஓட்டுநரின் முகத்துக்கு வரும். என் சாஃப்ட் ஷேக்கிளின் எடை ஏறத்தாழ 200 கிராம். அதோடு அது 15 டன். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கப்பித்துறை:
எடையைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. 15 டன் என்பது என்ன அளவு என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. நீங்கள் சொல்லும் விசை கயிற்றில் தேங்குகிறது, ஷேக்கிளில் அன்று. கொக்கி பிய்ந்தால் பிய்ந்த கொக்கியும் அதோடு சேர்ந்துதான் பறக்கும். அது துணியால் ஆனதில்லை. டிரெய்லர் மாட்டும் இழுவைக் குண்டில் கயிற்றை மாட்டக் கூடாது என்று உலகம் முழுவதும் எச்சரிப்பதற்குக் காரணம் அந்தக் குண்டு முறிந்து பறப்பதுதான். அங்கே ஷேக்கிள் இரும்பாக இருந்தாலும் நூலாக இருந்தாலும் ஒன்றுதான்.

உப்புத்தரை:
என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சப்காவில், அதாவது மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருக்கும் உப்புத் தரையில், என் பஜேரோ அச்சு வரை இறங்கிவிட்டது. முன்பக்க ரெக்கவரி பாயிண்ட், அதாவது இழுக்க ஷேக்கிளை மாட்டும் இடம், பட்டறையில் வெட்டி வாங்கிய தகடு. துளையின் விளிம்பை அவர்கள் உருட்டித் தேய்க்கவில்லை. அதில் புத்தம்புது சாஃப்ட் ஷேக்கிளை நேரடியாக மாட்டினோம். முதல் இழுப்பில் முடிச்சு இறுகியது. இரண்டாவது இழுப்பில் துணி கிழிவதைப் போல ஒரு ஓசை வந்தது. மூன்றாவதில் அறுந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தபோது முடிச்சு அப்படியே இருந்தது; தகட்டைத் தொட்ட இடத்தில் மட்டும் கத்தியால் அரிந்ததைப் போல நேராக வெட்டுப்பட்டு, நுனியில் வெள்ளை இழைகள் பஞ்சாக விரிந்திருந்தன. யார்மீதும் எதுவும் படவில்லை. கயிறு மணலில் விழுந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த இடத்தில் இரும்பு மாட்டியிருந்தால் அறுந்தே இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மணல்மேடு:
யார்மீதும் படவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். குறை தகட்டில் இருக்கிறது, ஷேக்கிளில் இல்லை. வார்ப்பு ரெக்கவரி பாயிண்டில் விளிம்பு உருண்டையாக இருக்கும்; அதில் மாட்டியிருந்தால் 15 டன்னும் தாங்கியிருக்கும்.

கப்பித்துறை:
15 டன் தாங்காது. 15 டன்னில் அறும். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் மனிதர்கள் சாகிறார்கள். ராணுவ மீட்புக் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு: சக்கரம் வரை புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான தடை, மட்காட் வரை புதைந்தால் இரு மடங்கு, அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. 3 டன் லேண்ட் குரூசர் மட்காட் வரை புதைந்தால் 6 டன். உங்கள் 15 டன்னை ஐந்தால் வகுத்தால் வேலைக்கு 3 டன்தான் மிஞ்சும். இரும்பிலோ வகுத்துமுடித்த எண்ணைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

மணல்மேடு:
ஐந்தால் வகுக்கச் சொன்னது யார்? முதலில் ஆறு என்றீர்கள், இப்போது ஐந்து என்கிறீர்கள்.

கப்பித்துறை:
ஐந்து கேட்கும் தரநிலையும் உண்டு, ஆறு கொடுக்கும் தயாரிப்பாளரும் உண்டு. ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும் இரும்பு உடைய 23.75 டன் வேண்டும். அது 15-ஐவிடப் பெரிய எண்.

செம்மண்_நாலுசக்கரம்:
கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மணல் இல்லை, பாறையும் களிமண்ணும்தான். பாறையில் உரசும் இடத்தில் நான் இரும்பைத்தான் மாட்டுவேன். ஒன்றே ஒன்று: ஷேக்கிளின் வாயை மூடும் திருகாணியான பின்னை முழுவதும் திருகி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இழுத்து முடித்தபின் கழற்ற முடியாது.

கப்பித்துறை:
தம்பி, அது தவறு. பின்னின் தோள் ஷேக்கிளின் காதில் முழுதாகப் பதிய வேண்டும் என்பதுதான் தூக்கும் தொழிலில் விதி. கால் சுற்று விட்டால் அதிர்வில் அது அரைச் சுற்றாகும். பின் இறுகிக்கொள்கிறது என்றால் மரையில் மண் இருக்கிறது என்று பொருள். மாட்டும் முன் துடையுங்கள்.

செம்மண்_நாலுசக்கரம்:
பதினோரு ஆண்டுகளாகக் கால் சுற்று விட்டுத்தான் மாட்டுகிறேன், அண்ணா. ஒரு பின்கூடக் கழன்றதில்லை. ஆஸ்திரேலியாவில் பயிற்சி தருபவர்களும் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பிடித்துக்கொண்ட பின்னை மழையில், இருட்டில், இன்னொரு ஷேக்கிளால் தட்டித் தட்டிக் கழற்றியிருக்கிறீர்களா? துறைமுகத்து வேலை வேறு, இது வேறு.

புதியவன்:
ஐயா, நான் இப்போதுதான் ஜிம்னி வாங்கியிருக்கிறேன். வலிமை என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அறுபடாமல் இருப்பதா, அறுந்தால் அடிபடாமல் இருப்பதா, எது வலிமை? எதை வாங்குவது?

மணல்மேடு:
கப்பித்துறை அவர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார் என்பதை அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பரில் அல் பதாயர் பாலைவனத்தில் அவருடைய வண்டி குழியில் கிடந்தபோது அவருடைய இரும்பு ஷேக்கிளின் பின் மணல் ஏறித் திருகவே இல்லை. அப்போது என் சாஃப்ட் ஷேக்கிளைத்தான் வாங்கி மாட்டினார். வளையத்தை விரித்து, முடிச்சை நுழைத்து, இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. பத்து நொடிகூட ஆகவில்லை. அந்த ஷேக்கிள் இன்றுவரை என்னிடம் திரும்பி வரவில்லை.

கப்பித்துறை:
திரும்பி வராததற்குக் காரணம் அதை நான் வெட்டிப் போட்டதுதான். அன்று மாலையே உங்களிடம் சொன்னேன். உறையை விலக்கிப் பார்த்தபோது இழைகளுக்கு நடுவே மணல் புகுந்து, மேல் அடுக்கு பூஞ்சை பிடித்ததைப் போல மயிர்விட்டிருந்தது. மணல் உள்ளேயிருந்தே அரிக்கும். வெயில் வெளியேயிருந்து அரிக்கும். நீங்கள் அதை ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் அலசியதுண்டா? சாஃப்ட் ஷேக்கிளின் இழையான டைனீமா 144 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பது உண்மை; ஆனால் 70 டிகிரியிலேயே அதன் பலம் இறங்கத் தொடங்குகிறது, கோடையில் நம் மணலே 60-ஐத் தாண்டுகிறது. அந்தப் பழைய ஷேக்கிளின் உறையிலும் 15 டன் என்றுதான் எழுதியிருந்தது. முடிச்சோடு சேர்த்து இழுத்துப் பார்த்துக் கிடைத்த எண்ணா, கயிற்றின் பலத்தைப் பெருக்கிப் போட்ட எண்ணா என்று அதில் இல்லை. இரும்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், பின் திருகாது. இது அறும்வரை உறைக்குள் ஒளிந்திருக்கும்.

மணல்மேடு:
என் பொருளைக் கேட்காமல் வெட்டினீர்கள். சொன்னது வெட்டிய பிறகு. அதன் விலையைத் தருவீர்களா?

உப்புத்தரை:
இருவரும் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பின்பக்கத்துக்கு வார்ப்பு ரெக்கவரி பாயிண்ட் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

கப்பித்துறை:
விலையைத் தருகிறேன். அதற்கு முன், இப்போது வைத்திருக்கும் புதிய ஷேக்கிளின் உறையைப் படம் எடுத்துப் போடுங்கள். 15 டன் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

மணல்மேடு:
வண்டி சர்வீஸில் இருக்கிறது. எழுத்து எதுவாக இருந்தாலும் 15 என்பது 15தான்.

செம்மண்_நாலுசக்கரம்:
கால் சுற்றுக்கு இன்னும் யாரும் சரியான காரணம் சொல்லி மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.