மறு: என்ட்ரெயின்மென்ட் – ஒத்திசைவா, பரிவா, இணக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் பாட்டு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்காக, இசையும் மூளையும் பற்றிய மாநாட்டுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தமிழில் எழுதி வருகிறேன். மற்றச் சொற்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். என்ட்ரெயின்மென்ட் (entrainment) என்ற இந்த ஒரு சொல்லில் ஒரு மாதமாக நிற்கிறேன். தன் போக்கில் ஓடும் ஒன்று இன்னொன்றின் வேகத்தோடு வந்து பொருந்திக்கொள்வதற்கு அந்தப் பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று குழுவில் கேட்டிருந்தேன். வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் நன்றி. சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ஒத்திசைவு என்றே வைத்துக்கொள்ளலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ஹார்மனிக்கும் ஒத்திசைவு என்கிறோம், ரெசொனன்ஸுக்கும் என்கிறோம், மென்பொருள்காரர்கள் சிங்க்ரனைசேஷனுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். போகட்டும் என்றாலும், ஒத்திசைவு என்பது முடிவில் கிடைக்கும் நிலை. நமக்கு வேண்டியது அந்த நிலைக்கு வந்து சேரும் செயலின் பெயர்.

> எங்கள் பாடநூல்களில் ரெசொனன்ஸ் ‘பரிவு’ தான். அதை விரித்துக்கொள்ளலாமா?

இலங்கை நண்பரின் இந்த மடலைப் படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. 1665இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் உடல்நலமின்றி அறையில் கிடந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய தம் இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஒன்று இடப்புறம் போனால் மற்றது வலப்புறம், அச்சுப் பிசகாமல். கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் பழையபடி சேர்ந்துகொண்டன. அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் பரிவுதான்! இரண்டையும் தாங்கிய சட்டத்தின் மிக நுண்ணிய அசைவே காரணம் என்று பிறகு கண்டுகொண்டார்.

ஆனாலும் பரிவை இங்கே எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் உள்ள பக்கத்துத் தந்தி தானே அதிர்கிறதே, அது பரிவு. அந்த இரண்டாவது தந்திக்குச் சொந்த இயக்கம் கிடையாது. தூண்டல் நின்றால் அதுவும் அடங்கிவிடும். ஹைகன்ஸின் கடிகாரங்கள் அப்படியல்ல. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடும். சொந்த ஓட்டம் உள்ள இரண்டு, ஒன்றுக்காக ஒன்று தன் வேகத்தைச் சற்றே மாற்றிக்கொள்கின்றன. சொல்லுக்குள் இந்த விட்டுக்கொடுத்தல் இருக்க வேண்டும்.

இசையிலும் இதே கதைதான். 2008இல் ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்த இசைப் புலனுணர்வு மாநாட்டில் அனிருத் படேல் குழுவினர் ஸ்னோபால் என்ற கொண்டைக்கிளியைப் பற்றிப் பேசினார்கள். பாட்டுக்குத் தலையாட்டும் பறவை. தலையாட்டுவதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பதால், அதே பாட்டை வேகம் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்த்தார்கள். பாட்டு முழுவதும் இல்லாவிட்டாலும், இடையிடையே சில பகுதிகளில் பறவை தன் ஆட்டத்தை மாறிய வேகத்துக்குப் பொருத்திக்கொண்டது. இசை ஆய்வாளர் மார்ட்டின் கிளேட்டன் இந்துஸ்தானிக் கச்சேரிக் காணொளிகளில், தம்புரா மீட்டுபவர்களின் கைகள் அவர்கள் நினைக்காமலே ஒன்றோடொன்று சேர்வதை ஆராய்ந்தார். தம்புராவைத் தாளத்துக்கு மீட்டுவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் முன்மொழிவு: இணக்கம்.

இணங்கு, இணக்கு என்று தன்வினையும் பிறவினையும் கையிலேயே இருக்கின்றன. ‘கேட்பவரின் கால் தாளத்துக்கு இணங்குகிறது’, ‘தாளம் காலை இணக்குகிறது.’ இரண்டு பேர் மாறி மாறி விட்டுக்கொடுத்தால் ‘இருவரும் இணங்கினார்கள்.’ ஒத்திசைவில் இந்த வசதி இல்லை. அதோடு, சொந்த விருப்பம் உள்ளவர்தான் இணங்க முடியும். தந்தி அதிரும், ஆனால் இணங்காது.

தனியாக நின்றால் பொருள் விரிந்துவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. முதலில் ‘நடையிணக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்று நம் தாளத்திலேயே உள்ள சொல்லாயிற்றே என்ற ஆசை. ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளைத் தாளத்தின் துணையால் நடக்கப் பழக்கும் மைக்கேல் தௌட்டின் ஆய்வுக்கு வந்ததும் சொல் உடைந்துவிட்டது. அங்கே நடை என்றால் காலால் நடப்பது. ஒரே வரியில் இரண்டு நடை வந்து ஆசிரியரைக் குழப்பும். மனமில்லாமல் கைவிட்டேன்.

இப்போது ‘லய இணக்கம்’ என்று வைத்திருக்கிறேன். லயம் வடசொல் என்று ஒரு மடல் வருத்தப்பட்டது. ஆனால் தவில்காரர் முதல் பரதநாட்டியம் படிக்கும் குழந்தை வரை எல்லார் வாயிலும் புழங்கும் சொல் அது. இயற்பியலார் ஊசலுக்கு ‘அலைவிணக்கம்’ என்று சொல்லட்டும். பகல் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்வதற்கு உயிரியலார் ‘பொழுதிணக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம். முன்சொல் மாறினாலும் இணக்கம் மாறாமல் இருந்தால், மூன்றும் ஒரே நிகழ்வு என்று படிப்பவருக்குத் தெரியும்.

குழுவில் மிருதங்கமோ தவிலோ வாசிப்பவர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறேன். பாடுபவர் சற்றே முந்தினால் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடுகிறது என்பீர்கள். ஓடாமல், ஒருவரையொருவர் பார்க்காமலே இருவரும் ஒரு வேகத்தில் வந்து நிலைகொள்வதற்கு உங்கள் குருவழியில் ஏதேனும் சொல் உண்டா? இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே வைக்கிறேன்.